கொல்லும், ஏமாற்றாது

நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பத்திக்குள் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. கொடூரமான ஆட்டம், காரணமில்லாமல் கொல்லும், அதிர்ஷ்டம் இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் எத்தனை கெட்டிக்காரருக்கும் சாவுதான் என்பது அந்தத் தீர்ப்பு. கூடவே ஒரு வரலாற்றுக் கதையும் ஒட்டிக்கொள்ளும். 1980களில் விளையாட்டை எப்படி வடிவமைப்பது என்று யாருக்கும் தெரியாதாம். மாணவர்கள் தோன்றியதையெல்லாம் உள்ளே கொட்டினார்களாம். பின்னால் வந்தவர்கள்தான் கரடுமுரடுகளைச் செதுக்கி, மனிதர் ஆடக்கூடிய ஆட்டங்களைச் செய்தார்களாம். நெட்ஹேக்கைக் கொண்டாடுகிறவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கொடுமையைத் தாங்குவது வீரம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏசுபவரும் புகழ்பவரும் ஒப்புக்கொண்டிருக்கும் இந்தக் கூற்று தவறு. நான் அறிந்த ஆட்டங்களில் இவ்வளவு நேர்மையாக ஆபத்தை வைத்த ஆட்டம் வேறில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஐ ஒட்டி, கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் ரோக் என்ற விளையாட்டை எழுதினார்கள். பெர்க்லியில் கென் ஆர்னால்ட் அவர்களோடு சேர்ந்தார். படங்கள் கிடையாது, திரையில் எழுத்துகளும் குறிகளும் மட்டும். பாதாளத்தில் தளம் தளமாக இறங்கி, யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதாளம் புதிதாக உருவாகும். செத்தால் முதலிலிருந்துதான். இதைப் பார்த்து 1982இல் ஜே ஃபென்லேசனும் அவருடைய பள்ளி நண்பர்களும் ஹேக் எழுதினார்கள். அதை 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஆந்த்ரீஸ் பிரவுவர் விரிவாக்கினார். 1987 ஜூலையில் மைக் ஸ்டீஃபன்சன், ஜேனட் வால்ஸ், இஸ்ஷாக் மில்லர் ஆகியோர் அதை நெட்ஹேக்காக வளர்த்து வெளியிட்டார்கள். இன்றுவரை காசு இல்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

கொடுமைக்குச் சாட்சியாக எப்போதும் முதலில் கூண்டில் ஏற்றப்படுவது காகட்ரிஸ். கோழியும் பாம்பும் கலந்த, ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் உயிர். திரையில் அது மஞ்சள் நிறத்தில் ஒரு ‘சி’ எழுத்து. வெறுங்கையால் அதை அடித்தால் அந்தக் கணமே கல்லாகிவிடுவீர்கள். செருப்பில்லாத காலால் உதைத்தாலும் அப்படித்தான். அதைக் கொன்ற பிறகு பிணத்தைத் தின்றாலும் சாவு. கண் தெரியாத நிலையில் தரையைத் தடவும்போது விரல் அதன் பிணத்தில் பட்டாலும் சாவு. “ஒரே தொடுதலில் இருபது மணிநேர ஆட்டம் போச்சு, இது என்ன நியாயம்?” என்று கேட்கிறார்கள்.

சாட்சியை முழுவதும் விசாரிக்கலாம். காகட்ரிஸ் கல்லாக்கும் என்பது ஒரு விதி. அந்த விதி ஆட்டக்காரருக்கு மட்டும் போடப்பட்டதா? கையுறை மாட்டிக்கொண்டு அந்தப் பிணத்தை எடுங்கள். அதையே ஆயுதமாக வீசுங்கள். எதிரே வரும் பூதமும் அரக்கனும் அடிபட்ட கணத்தில் கல்லாவார்கள். கல்லானவர் வைத்திருந்த பொருள்கள் அந்தச் சிலைக்குள்ளேயே இருக்கும். சிலையை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். வேறு பிராணிகள் கையுறை இல்லாமல் அந்தப் பிணத்தைத் தொடுவதில்லை. உங்கள் நாய் காகட்ரிஸைக் கடிக்கப் போகாமல் ஒதுங்கி நிற்கும். நீங்களே உருமாறி காகட்ரிஸாக ஆகிவிட்டால், உங்களை வெறுங்கையால் அடிக்கும் எதிரி கல்லாவான். விதி ஒன்று, எல்லோருக்கும் ஒரே மாதிரி.

அதோடு நிற்கவில்லை. கையில் பிணத்தைப் பிடித்தபடி, அதிகப் பாரத்தோடு படி இறங்கினால் தடுமாறி விழுவீர்கள். விழும்போது பிணம் உடம்பில் படும். கையுறை கையைத்தான் காக்கும். குழியில் விழுந்தாலும் இதே கதி. இதைப் படித்தவுடன் “பார்த்தீர்களா கொடுமையை!” என்பார்கள். நான் இதில் காண்பது நேர்மாறானதை. அந்த ஆயுதம் அளவுக்கு மீறிய பலமுள்ளது. அந்தப் பலத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. அது உலகத்தின் இயல்பிலிருந்தே வருகிறது. பாரத்தை இறக்கிவிட்டுப் படி இறங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது. வேறு விளையாட்டில் இதே ஆயுதத்துக்கு, மூன்று முறைதான் பயன்படுத்தலாம் என்று ஒரு எண்ணை ஒட்டி வைத்திருப்பார்கள்.

காகட்ரிஸின் சீற்றத்தைக் கேட்டு மெதுவாகக் கல்லாகத் தொடங்கும் வேறொரு நிலையும் உண்டு. அப்போது சில அடிகளுக்கு அவகாசம் கிடைக்கும். கைகால் விறைக்கிறது என்று திரை சொல்லிக்கொண்டே வரும். பல்லியின் பிணத்தைத் தின்றால் குணமாகும், அமிலத் தன்மையுள்ள எந்தப் பிணமும் போதும், கடவுளை வேண்டலாம். பல்லிப் பிணம் இந்தப் பாதாளத்தில் அழுகுவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறார்கள். இத்தனை மருந்துகளோடு வைக்கப்பட்ட விஷத்தைக் காரணமற்ற கொலை என்பது எப்படிப் பொருந்தும்?

அடுத்த சாட்சி மிதக்கும் கண். நீல நிற ‘இ’. அது தானாக யாரையும் தாக்காது, நகர்வதே அரிது. பார்வையுள்ள ஒருவர் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடித்தால், அதன் பார்வை பட்டு நெடுநேரம் உறைந்துபோவார். அந்த நேரத்தில் வழியில் வரும் சாதாரண எலிகூட அவரைக் கொன்றுவிடும். புதிதாக ஆடுகிறவர்களில் ஏராளமானோர் இப்படித்தான் சாகிறார்கள் என்பது உண்மை. இதை வைத்து வழக்கை முடித்துவிடுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. ஒன்றும் ஆகாது. தூரத்திலிருந்து கத்தி எறிந்தாலும் ஒன்றும் ஆகாது. பார்வையால் வரும் ஆபத்து, பார்வை இல்லாதபோது இல்லை. கொன்றபின் அந்தக் கண்ணைத் தின்றால் பிற உயிர்களின் மனத்தை உணரும் சக்தி நிச்சயமாகக் கிடைக்கும். அந்தச் சக்தி முழுதாக வேலை செய்வதும் கண்ணைக் கட்டியிருக்கும்போதுதான்: தளத்தில் மனமுள்ள உயிர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதெல்லாம் அப்போது தெரியும். பல தளங்கள் கீழே மெடூசா காத்திருக்கிறாள். அவள் பார்வை பட்டால் கல். அங்கேயும் அதே துணிப்பட்டிதான் காப்பாற்றுகிறது. இல்லையென்றால் அவளை நோக்கி ஒரு கண்ணாடியைக் காட்டலாம். தன் பார்வையிலேயே அவள் கல்லாவாள். ஒரு துண்டுத் துணி, மூன்று இடம், ஒரே தர்க்கம். கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டிய மாணவர்களின் வேலையா இது? யோசித்து யோசித்து, ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பொருத்திக் கட்டியது.

பொருள்களைப் பற்றிய புகார் இன்னும் பரவலானது. கீழே கிடக்கும் மருந்துக்குப்பி என்ன மருந்து என்று தெரியாது. ‘பச்சை மருந்து’ என்றுதான் இருக்கும். சுருள்களின் மேல் பொருளற்ற சொற்கள். மோதிரம், மந்திரக்கோல் எல்லாம் அப்படியே. ஒரு ஆட்டத்தில் குணப்படுத்திய பச்சை மருந்து அடுத்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கும். சாபம் பட்ட கவசத்தை மாட்டினால் கழற்ற முடியாது. “குருட்டுச் சூதாட்டம்” என்கிறார்கள்.

சூதாட்டம் எது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். பரமபதத்தில் காய் பாம்பின் தலையில் விழுவதற்கும் ஏணியின் காலில் விழுவதற்கும் ஆடுகிறவர் பொறுப்பில்லை. தாயம் உருட்டுவதைத் தவிர அவர் செய்ய ஒன்றும் இல்லை. நெட்ஹேக்கில் தெரியாத பொருள் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குச் செய்ய எத்தனையோ இருக்கிறது. அந்தப் பொருளைக் கீழே போட்டு, நாய்க்குட்டி அதன்மேல் நடக்கிறதா என்று பார்க்கலாம். சாபம் பட்டதன்மேல் அது தயங்கித் தயங்கித்தான் கால் வைக்கும். பலிபீடம் கண்ணில் பட்டால் அதன்மேல் போடலாம். கறுப்பு ஒளி வந்தால் சாபம், மஞ்சள் ஒளி வந்தால் ஆசி. கடைக்காரரிடம் விலை கேட்கலாம். எல்லாச் சுருள்களிலும் மலிவானது பொருளை அடையாளம் காட்டும் சுருள். அதன் அடிப்படை விலை 20, வேறெதற்கும் அந்த விலை கிடையாது. தெரியாத மோதிரத்தைக் கைகழுவும் தொட்டியில் போட்டால், மோதிரம் போய்விடும், ஆனால் என்ன மோதிரம் என்று தெரிந்துவிடும். அதே போல இன்னொன்று கையில் இருந்தால் இது லாபம்.

எனக்கு மிகவும் பிடித்தது மந்திரக்கோல் சோதனை. தரையில் முதலில் விரலால் எதையாவது எழுதுங்கள். பிறகு தெரியாத கோலால் அதன்மேல் எழுதப் பாருங்கள். நெருப்புக்கோல் தரையைச் சுட்டு எழுதும். தோண்டும் கோல் கல்லில் செதுக்கும். மின்னல்கோல் கண்ணைக் கூசவைத்துக் குருடாக்கும். பழைய எழுத்து மறைந்துவிட்டதென்றால் அது இடம் மாற்றும் கோலாகவோ, மறைக்கும் கோலாகவோ, மந்திரத்தை அழிக்கும் கோலாகவோ இருக்கும். இந்தக் கடைசிக் கோல்தான் பொருள்களைச் சுமக்கும் மந்திரப் பையை வெடிக்கவைக்கும். அந்தப் பைக்குள் அதைப் போட்டால் பையும் போய், உள்ளே இருந்த எல்லாமும் போய்விடும். மணிக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் ஒரே நொடியில் அழிந்தது என்ற புலம்பலைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழுத்து மறைந்த கோலைப் பைக்குள் போடாமல் இருந்தால் போதும். சாம்பல் நிறக் கல்லும் அப்படித்தான். அதிர்ஷ்டக் கல்லும், எடுத்தால் கையை விட்டு இறக்க முடியாத பாரக் கல்லும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். எடுப்பதற்கு முன் ஒரு உதை விடுங்கள். பாரக் கல் நகராது.

இதையெல்லாம் ‘செதுக்கிய’ பிற்கால ஆட்டங்கள் என்ன செய்தன? 1996இல் வந்த டயாப்லோ இந்தப் பாதாள மரபிலிருந்து கிளைத்தது. அங்கே தெரியாத பொருளை ஊருக்கு எடுத்துப்போய் டெக்கார்ட் கெய்ன் என்ற கிழவரிடம் 100 பொற்காசு கொடுத்தால் பெயர் சொல்லிவிடுவார். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவரை மீட்டுவந்தால் காசும் வேண்டாம். டயாப்லோ நல்ல ஆட்டம். அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆனால் பொருளை அறிவது என்ற அந்த ஒரு விஷயத்தில் நடந்தது வளர்ச்சி என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். அனுமானத்துக்கு உரிய இடம் ஊருக்குப் போய்வரும் ஒரு நடையாகச் சுருங்கிப்போனது.

பொறிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குழி, கரடிப்பொறி, மயக்கவாயு, தரைக்கதவு, உருமாற்றும் பொறி எல்லாம் எதிரிகளுக்கும் பொறிகள்தான். ஒருமுறை பார்த்த பொறி வகையை அவைகளும் நினைவில் வைத்து ஒதுங்குகின்றன. துரத்தப்படுகிறவருக்குத் தரைக்கதவு தப்பும் வழி. உருமாற்றும் பொறிமேல் தன் பூனைக்குட்டியை நடக்கவிட்டு டிராகனாக்கிக்கொண்டவர்கள் உண்டு. வழியை அடைக்கும் பாறாங்கல்லும் அப்படியே. குழிக்குள் தள்ளினால் குழி நிரம்பும், தண்ணீரில் தள்ளினால் பாதை கிடைக்கலாம். சோகோபன் என்ற கிளையில் முழுத் தளமே பாறாங்கல் தள்ளும் புதிர். மண்சுருளைப் படித்தால் சுற்றிலும் பாறைகள் விழுந்து கோட்டையாக நிற்கும். தடை என்ற ஒன்றைத் தடையாக மட்டும் வைத்த இடம் இந்தப் பாதாளத்தில் மிகக் குறைவு.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன். தவிர்க்கவே முடியாத சாவு ஒன்றுகூட இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பத்துப் பன்னிரண்டு உயிர்ப்புள்ளியோடு கிளம்பும் மந்திரவாதியை, முதல் தளத்தில் மறைந்திருக்கும் பொறியிலிருந்து விழும் ஒரு கல்லே கொன்றுவிடலாம். அவர் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. இது நிகழும் நேரத்தைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கி சில நிமிடங்கள்; இழப்பும் அவ்வளவே. கீழே இறங்க இறங்க, கையில் சேரும் ஒவ்வொரு பொருளும் அறிவும் இந்த வகைச் சாவைச் சுருக்கிக்கொண்டே வருகின்றன. கடினமான தொப்பி அணிந்தவருக்கு அதே கல் இரண்டு புள்ளிதான் சேதம் செய்யும். மரணக்கோலின் கதிரையே திருப்பி அனுப்பும் தாயத்து சோகோபனின் பரிசுகளில் ஒன்று. பத்து மணிநேரம் போட்ட ஆட்டம் வெறும் துரதிர்ஷ்டத்தால் முடிவது அரிது. முடிந்தால், பெரும்பாலும் பத்து அடிக்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் சாவுகளை ‘இன்னொரு முட்டாள்தனமான சாவு’ என்றுதான் வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். அநியாயச் சாவு என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை.

அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒரு உண்மை இருக்கிறது. பொதுச் சர்வர்களில் ஆட்டங்கள் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகின்றன. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை இடையில் ஒருமுறைகூடத் தோற்காமல் தொடர்ந்து வென்றவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதாளம் வேறு, பொருள்கள் வேறு, சுருள்களின் பெயர்கள் வேறு. அதிர்ஷ்டம் தீர்மானிக்கும் ஆட்டத்தில் இப்படி ஒரு தொடர் சாத்தியமே இல்லை. இயந்திரங்களின் சான்றும் இதே பக்கம்தான். 1980களின் தொடக்கத்திலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோகோமேட்டிக் என்ற நிரலை எழுதி ரோக்கை ஆடவிட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் விதிகளை ஊட்டிய அந்த நிரல் மிக நன்றாகவே ஆடியது. 2020இல் ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் நெட்ஹேக்கை ஒரு ஆய்வுக்களமாக வெளியிட்டார்கள். 2021இல் அதில் போட்டியும் நடந்தது. அந்தப் போட்டியில் முழு ஆட்டத்தை எந்த நிரலும் வெல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான அடிகள் முயன்று தானாகக் கற்ற நரம்பு வலைப்பின்னல்களை, மனிதர் விதிகளை எழுதிக் கொடுத்த நிரல்கள் தெளிவாக முந்தின. விதியில்லாத உலகத்தில் விதிகளை எழுதிக் கொடுத்து என்ன பயன் கிடைத்திருக்கும்?

“விதிகள் இருக்கலாம், ஆனால் அவற்றை ஆட்டம் சொல்வதில்லை, வெளியே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. ஆனால் ஆட்டத்துக்குள்ளேயே சொல்லும் வாய்கள் பல உண்டு. அதிர்ஷ்டச் சீட்டு வைத்த பிஸ்கட்டில் வதந்தி இருக்கும். ஆசி பெற்ற பிஸ்கட் மெய் சொல்லும், சாபம் பட்டது பொய் சொல்லும். குறிசொல்லும் ஆரக்கிளிடம் காசு கொடுத்துக் கேட்கலாம். எல்பெரெத் என்ற பெயரைத் தரையில் எழுதினால் எதிரிகள் அஞ்சுவார்கள் என்ற செய்தியை அவளே சொல்லக்கூடும். டோல்கியனின் உலகத்திலிருந்து வந்த அந்தப் பெயருக்கும் வரம்புகள் உண்டு. மனிதர்களும் மினோடாரும் அதற்கு அஞ்சுவதில்லை, 3.6 பதிப்பிலிருந்து, அதன்மேல் நின்று தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். திரையில் தெரியும் எந்தக் குறியைச் சுட்டினாலும் அந்த உயிரைப் பற்றிய பழங்கதைக் குறிப்புகளைக் காட்டும் கலைக்களஞ்சியமும் உள்ளேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு என் பதில்: வெளியே படித்துத் தெரிந்துகொள்வது குறையாக எப்போதிலிருந்து ஆயிற்று? சதுரங்கத்தின் தொடக்க ஆட்டங்களைப் புத்தகத்தில் படிப்பவரை யாரும் குறை சொல்வதில்லை. நெட்ஹேக்கின் மூலநிரலை அதைச் செய்தவர்களே திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் செத்துக் கண்டுபிடித்ததை மற்றவர்களுக்குச் சொல்லி, அவர்கள் சரிபார்த்து, நாற்பதாண்டாகச் சேர்ந்த அறிவு அது. படித்துவிட்டு ஆடினாலும் ஆட்டம் எளிதாகிவிடுவதில்லை. எந்தப் பக்கத்தையும் மனப்பாடம் செய்தவர்கூட, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று அறியாமல்தான் கதவைத் திறக்கிறார்.

கடைசியாக, செத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற விதி. “வேலைக்குப் போய்வருகிறவருக்கு இதற்கு நேரமேது?” என்கிறார்கள். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. நெட்ஹேக்கில் எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். நாளைக்கோ அடுத்த மாதமோ அதே இடத்திலிருந்து தொடரலாம். பத்து நிமிடம் மட்டும் ஆடுகிறவருக்கு இதைவிட வசதியான ஆட்டங்கள் குறைவு. செய்ய முடியாதது ஒன்றுதான்: தெரியாத மருந்தைக் குடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் குடிக்காததுபோல் திரும்பிப்போவது. அது முடிந்தால் நாய்க்குட்டியும் பலிபீடமும் விலை விசாரணையும் எதற்கு? ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்துத் திரும்பித் திரும்பி வந்தால் போதுமே. மேலே நான் விவரித்த சோதனைகள், எச்சரிக்கைகள், தந்திரங்கள் அத்தனைக்கும் பொருள் தருவது இந்த ஒரு விதி. அது போனால் அந்தப் பொருள்கள் வெறும் குறிகளாகிவிடும்.

அதுவும் வேண்டாம் என்பவர்களுக்காகச் செய்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆய்வு முறை என்று ஒன்று ஆட்டத்துக்குள் இருக்கிறது. அதில் உயிர் போகும் நேரம் வரும்போது, சாக விருப்பமா என்று கேட்கும். இல்லை என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். வெற்றிப் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். காகட்ரிஸை அங்கே வேண்டுமட்டும் தொட்டுப் பார்க்கலாம்.